டயாலிசிஸ் பை வீட்டுக்குப் போகிறது, பைபாப் ஏன் போகவில்லை?

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் நெஞ்சக நோய் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிஸ்சார்ஜ் சீட்டில் சிஓபிடி என்று எழுதி அனுப்பப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்காக இதை எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். அவர்களில் தேவைப்படுகிறவர்களுக்கு, இரவில் மூச்சுக்குத் துணை நிற்கும் பைபாப் கருவியை, வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டுக்கே இரவலாகக் கொடுங்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பைகளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு. ஒரு உறுப்பு செய்ய முடியாத வேலையை வீட்டில் இருந்தபடியே செய்துகொள்ளலாம் என்று அரசே ஒப்புக்கொண்ட விஷயம் அது. நுரையீரலுக்கு மட்டும் அந்த நியாயம் இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் வார்டில் படுக்கை மாறும், ஆள் மாறமாட்டார். பீடி குடித்த தாத்தாக்கள், பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள், எப்போதோ காசநோய் வந்து நுரையீரல் சுருங்கிப்போனவர்கள். பீடியை வாயில் வைத்தே பார்க்காத பாட்டிகளும் உண்டு. ஆயுள் முழுக்க விறகடுப்பில் ஊதுகுழல் ஊதியவர்கள் அவர்கள். இரைப்பு அதிகமாகி, பாதி மயக்கத்தில் வருவார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு, அதாவது கரியமில வாயு, ஏறியிருக்கும். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் போட்டு பைபாப்பில் வைப்போம். மூச்சை இழுக்கும்போது கருவி கூடுதல் அழுத்தத்தில் காற்றைத் தள்ளும், விடும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். தொண்டையில் குழாய் போட வேண்டியதில்லை. பலருக்கு ஓரிரு நாளில் கண் தெளிந்து காப்பி கேட்க ஆரம்பித்துவிடும்.

இதன் பலனை இனி யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. 1995இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்குக் குழாய் போட வேண்டிவந்தது. மாஸ்க் வழி சுவாசம் பெற்றவர்களில் அது 26 சதவீதம். இறப்பு 29இலிருந்து 9 சதவீதமாக இறங்கியது. நம் அரசு மருத்துவமனைகளிலும் இது நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. கொரோனா காலத்தில் வந்து இறங்கிய கருவிகளும் அதற்கு உதவின.

சிக்கல் டிஸ்சார்ஜ் அன்று ஆரம்பிக்கிறது. கருவி வார்டுக்குச் சொந்தம், நோயாளி வீட்டுக்குப் போகிறார். காற்று சிக்கி உப்பிய நுரையீரலுக்கு அடியில், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் தட்டையாகிக் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு பகலில் எப்படியோ சமாளித்துவிடுவார். இரவில் தூங்கும்போது மூச்சு மேலோட்டமாகும், கரியமில வாயு மெல்ல ஏறும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், கை உதறல், சம்பந்தமில்லாத பேச்சு. “அப்பா இப்போதான் நல்லா தூங்குறார் சிஸ்டர்” என்று போனில் சொன்ன எத்தனையோ பிள்ளைகளை உடனே கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். விரலில் மாட்டும் கருவி 92 காட்டும்போது வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள். அது ஆக்சிஜனைத்தான் காட்டும், கரியமில வாயுவைக் காட்டாது. ஆக்சிஜன் மிஷின் வாங்கி வைத்திருக்கும் வீட்டிலோ, மூச்சு வாங்குகிறதே என்று லிட்டரைக் கூட்டிவிடுகிறார்கள். இந்த நோயாளிகளில் பலருக்கு அது கரியமில வாயுவை இன்னும் ஏற்றிவிடும்.

வீட்டில் பைபாப் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா மருத்துவமனைகளில் 195 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் இறந்தவர்கள் கருவி பெற்ற பிரிவில் 12 சதவீதம், பெறாத பிரிவில் 33 சதவீதம். 2017இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு நம் வார்டுக்கு இன்னும் நெருக்கமானது. அதில் இருந்தவர்கள் மோசமாகி அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜுக்குப் பிறகும் கரியமில வாயு இறங்காதவர்கள். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 1.4 மாதத்துக்குள் திரும்ப அட்மிட் ஆனார்கள் அல்லது இறந்தார்கள். பைபாப்பும் சேர்ந்தபோது அது 4.3 மாதமாக நீண்டது.

ஆனால் ஐயா, எல்லாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் 201 பேரை வைத்து நடந்த ஆய்வில் பலனே தெரியவில்லை. அங்கே மருத்துவமனையில் சுவாசக் கருவியை நிறுத்திய சில நாட்களிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சில வாரம் போனால் பலருக்குக் கரியமில வாயு தானாகவே இறங்கிவிடுகிறது, அவர்களுக்குக் கருவி வேண்டாம். அதனால் டிஸ்சார்ஜ் ஆகி 2 முதல் 4 வாரம் கழித்து ரத்த வாயுப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, அப்போதும் இறங்காதவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். மேடை போட்டு, வரிசையில் நிறுத்தி, புகைப்படம் எடுத்து வழங்கும் பொருளாக இது ஆகிவிடக் கூடாது. எனக்கு உண்மையிலேயே அந்தப் பயம் இருக்கிறது.

கருவியைக் கொடுப்பது பாதி வேலைதான். மூச்சை இழுக்கும்போது 10, விடும்போது 5 என்று அழுத்தத்தை வைத்து அப்படியே விட்டுவிட்டால் கரியமில வாயு இறங்காது. ஜெர்மன் ஆய்வில் அது போதுமான அளவு இறங்குகிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கூட்டினார்கள், பலருக்கு 20க்கு மேல் போனது. பிறகு மாஸ்க். பல் போன தாத்தாவுக்குக் கன்னம் உள்வாங்கியிருக்கும், ஓரத்தில் காற்று ஒழுகிக் கண்ணில் அடிக்கும். மீசைக்காரருக்கு வேறு பிரச்சினை. பட்டையை இறுக்கினால் மூக்குத் தண்டில் புண். முதல் வாரத்தில் யாராவது வந்து இதைச் சரிசெய்யாவிட்டால் கருவி பீரோவுக்கு மேலே போய்விடும். மாத்திரை கொடுக்க வீடுவீடாகப் போகும் உங்கள் ஊழியர்களோடு, மாவட்டத்துக்கு ஓரிருவராவது மாஸ்க் பொருத்தவும் கருவிக்குள் பதிவாகும் பயன்பாட்டு நேரத்தைப் பார்க்கவும் தெரிந்த பிசியோதெரபிஸ்டோ செவிலியரோ போக வேண்டும். கருவி தேவைப்படாத நிலை வந்தால் திரும்ப வாங்கி, சுத்தம் செய்து, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இரவல் என்று நான் சொன்னது அதனால்தான்.

இப்போது குடும்பங்கள் என்ன செய்கின்றன? காப்பீட்டு அட்டை மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவுகிறது. புதுக் கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. நகை அடகுக்குப் போகும், அல்லது யாரோ இறந்துபோனவர் பயன்படுத்திய பழைய கருவி கைமாறி வரும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதையக்கூடும் என்று லட்சக்கணக்கான கருவிகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. பழைய கருவியை வாங்கும் குடும்பத்துக்கு அதன் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று யார் பார்த்துச் சொல்வார்கள்?

மின்சார வாரியத்திடமும் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டும். இவர்களில் பலருக்கு ஆக்சிஜன் மிஷினும் நாளுக்கு 15 மணி நேரம் ஓட வேண்டும். சுமார் 350 வாட் என்றால் இரண்டு மாதத்தில் அது மட்டுமே முந்நூறு யூனிட்டைத் தாண்டும். இலவசம் 100 யூனிட். பில்லுக்குப் பயந்து மிஷினை அணைத்து வைப்பவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய செலவில்லாத ஒன்றும் உண்டு. 108 ஆம்புலன்ஸில் சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜனை அளவோடு, விரலில் மாட்டும் கருவி 88 முதல் 92 சதவீதத்துக்குள் காட்டும்படி கொடுக்கும் பழக்கம் ஒவ்வொரு வண்டியிலும் வர வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ்களில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிஓபிடி உறுதியானவர்களிடையே இறப்பு 9 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. நிறைய கொடுத்தால் நல்லது என்ற எண்ணத்தை மாற்றும் பயிற்சி போதும்.

தொடங்க இடம் தேட வேண்டியதில்லை. 1928இலிருந்து நெஞ்சக நோய்க்கென்றே இருக்கும் தாம்பரம் சானடோரியத்திலிருந்தும், ரத்த வாயுப் பரிசோதனைக் கருவி ஓடிக்கொண்டிருக்கும் ஓரிரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலிருந்தும் ஆரம்பிக்கலாம். கருவி வாங்க டெண்டர் போடுவதற்கு முன்பே ஒன்றைச் செய்துவிட முடியும். மருத்துவமனையில் பைபாப் போடப்பட்ட ஒவ்வொரு சிஓபிடி நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டிலும், “மீண்டும் வரவும்” என்று மொட்டையாக எழுதாமல், ரத்த வாயுப் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதியையும் அறை எண்ணையும் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். எத்தனை பேருக்குக் கருவி வேண்டும் என்ற கணக்கு அந்தச் சீட்டுகளிலிருந்தே உங்கள் மேசைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்