வலது லைற்

விசுவமடு
ஐப்பசி, மழை துவங்கின கிழமை

எடி கிளி,

ஆடியில நீ போட்ட கடிதத்துக்கு இப்பதான் பதில் எழுதுறன். திட்டு, கேட்டுக்கொண்டிருக்கிறன். சின்னம்மாவுக்குச் சுகம் பரவாயில்லை, மாசத்துக்கு ஒருக்கா கிளிநொச்சிக்கு கிளினிக். சின்னவன் சோதினைக்குப் படிக்கிறான். சிவலை கண்டு போட்டிட்டுது, நாகு. வீட்டுச் செய்தி அவ்வளவும்தான். இனி உனக்குச் சொல்லாமல் இருக்கேலாத விசயத்துக்கு வாறன்.

போன கிளினிக் அண்டு மருந்து எடுத்துக்கொண்டு, பரந்தனில மச்சாள் வீட்டையும் எட்டிப் பாத்திட்டு வெளிக்கிட, இருட்டிப்போட்டுது. தருமபுரம் தாண்டி வரேக்க எதிர வந்த லொறி ஒண்டு நேரா எங்கட பக்கம் ஏறி வந்துது. நான் காரை இடப்பக்கம் மண்ணுக்குள்ள இறக்கிட்டன். சின்னம்மா முறிகண்டிப் பிள்ளையாரைக் கூப்பிட்ட சத்தம் இப்பவும் காதுக்குள்ள கிடக்கு. லொறிப் பெடியன் நிப்பாட்டி ஓடி வந்து, கை நடுங்க நடுங்கச் சொன்னான்: “மோட்டச்சைக்கிள் எண்டு நினைச்சிட்டன் அக்கா.”

இறங்கிப் பாத்தால் வலது லைற் இல்லை. எங்கட நாட்டில இடப்பக்கம் ஓடுறதால வலது லைற்தான் றோட்டு நடுவுக்குக் கிட்ட நிக்கிறது. அது அணைஞ்சால் எதிர வாறவனுக்குத் தெரியிறது ஓரத்தில வாற ஒற்றை வெளிச்சம் மட்டும்தான். அந்தப் பெடியனில ஒரு பிழையும் இல்லையடி. மிச்சத் தூரம் நான் ஓடி வந்தது உனக்கு விளங்கும். மழை பெய்தால் ஊர் மாடெல்லாம் காஞ்ச இடம் தேடித் தார் றோட்டில வந்து படுத்திருக்கும். கறுத்த எருமை ஒண்டு பத்து முழத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் கண்ணில பட்டுது.

அடுத்த நாள் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனன். திறந்தும் பாக்காமல், வயரிங் முழுக்க மாத்தவேணும், காரை ஒரு கிழமை விட்டிட்டுப் போங்கோ எண்டினம். எனக்கு விசர் வந்திட்டுது. திருப்பிக்கொண்டு வந்து முத்தத்து வேம்புக்குக் கீழ விட்டிட்டு நானே பொனற்றைத் திறந்தன். கார் வேலை எனக்குத் தெரியாது எண்டு உனக்குத் தெரியும். ஆனால் எது நல்லாயிருக்கு எண்டு ஒவ்வொண்டாத் தள்ளிக்கொண்டு போகலாம்தானே?

இடது லைற் எரியுது, அப்ப சுவிச்சில பிழையில்லை. வலதுக்குத் தனிப் பியூஸ். கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சன், கம்பி அறேல்லை. பிறகு பல்ப். எச் 4 எண்டு சொல்லுறது, ஒண்டுக்குள்ளயே ரண்டு இழை: கிட்டப் பாக்கிறதுக்கு 55 வாற்ஸ், தூரத்துக்கு 60. அதின்ர கண்ணாடியைக் கையால தொடப்படாது. விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிக் கெதியில வெடிச்சுப்போம். துணியால பிடிச்சு வலதில கிடந்ததை இடதில போட்டன். பளிச்செண்டு எரிஞ்சுது! இடதில கிடந்ததை வலதில போட்டால், உள்ளுக்குள்ள அடுப்புத் தணல் மாதிரி ஒரு சிவப்பு மட்டும். அண்டைக்கு றோட்டிலயும் அது முழுக்கச் சாகேல்லை, எங்கட கண்ணுக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான்.

இதிலதான் ரண்டு நாள் மினக்கெட்டன். பக்கத்து வீட்டுத் தம்பியிட்ட மீற்றர் வாங்கி, பல்ப்பைக் கழட்டிப்போட்டு சொக்கற்றில வைச்சுப் பாத்தன். 12.6 வோல்ற் காட்டுது. கரண்ட் முழுசா வருகுது, பல்ப்பும் நல்லது, ஏன் எரியேல்லை? நித்திரை வரேல்லை. விடியப்புறமா உன்ர அண்ணான்ர ஞாபகம் வந்துது.

1998இல உங்கட கொட்டிலுக்குள்ள, ஜாம்போத்தல் விளக்குக்குப் பக்கத்தில, சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி நாங்கள் பெடல் சுத்தச் சுத்த டைனமோவில ரேடியோ கேட்டது. சண்டைக் காலம், பற்றறிக்குத் தடை, கரண்ட் எண்ட சாமானே இல்லை. ஒருநாள் ரேடியோ பாடேல்லை. நீ என்னைக் குற்றம் சொன்னனி, நான் மெல்லமாச் சுத்துறன் எண்டு. அண்ணா டைனமோவைக் கழட்டிக் காட்டினவர். அதிலயிருந்து வாறது ஒரு வயர்தான். திரும்பிப் போறது சைக்கிள் சட்டத்தாலதான். அதுக்காகத்தான் கிளிப்பில ஒரு கூர் ஆணி, பெயின்ரைக் குத்தி இரும்பைத் தொட. “போறதுக்கு வழி இல்லாட்டி வாறதும் வராது” எண்டு சொல்லி, கறளைச் சுரண்டினவர். பாடிச்சுது.

கார்ச் சட்டமும் அப்பிடித்தானே! பல்ப்பைப் போட்டு, லைற்றைப் போட்டுக்கொண்டே சொக்கற்றுக்குப் பின்னால மீற்றர் ஊசியை வைச்சன். 3. கரண்ட் ஓடாமல் அளந்தால் பழுது தெரியாது, ஓட விட்டு அளந்தால்தான் தெரியும். எர்த் முள், அதுதான் கரண்ட் சட்டத்துக்குத் திரும்பிப் போற முள், அதிலயிருந்து பற்றறி நெகற்றிவ்வுக்கு அளக்க 9. அது அங்க கிட்டத்தட்ட ஒண்டுமில்லாமல் இருக்கவேண்டிய இடம். ஒரு துண்டு வயரை எடுத்து அந்த ரண்டையும் தொடுத்தன். வேம்பு முழுக்க வெள்ளையாப் போச்சுது. கோழியள் எழும்பிக் கத்துதுகள். சின்னம்மா விடியேக்க என்னடி கூத்து எண்டு வந்தா. நான் அழுதுகொண்டு நிண்டன் கிளி.

பிழை எல்லாம் ஒரே ஒரு போல்ற்றில. லைற்றுக்குப் பின்னால எர்த் வயரைத் தகரத்தோட பூட்டியிருக்கிற இடம், பச்சையா உப்புப் பூத்துக் கிடந்தது. பற்றறி நெகற்றிவ்வைக் கழட்டி வைச்சிட்டு, 10ஆம் நம்பர் சாவியால திறந்து, தகரம் மினுங்கும் வரைக்கும் தேச்சு, இறுக்கி, மேல கிறீஸ் பூசினன். இடப்பக்கத்தையும் அப்பிடியே செய்தன். ஏனெண்டால் வோல்ற்றேச் பத்தில ஒரு பங்கு குறைஞ்சாலே வெளிச்சத்தில மூண்டில ஒரு பங்குக்குக் கிட்டக் குறைஞ்சு போயிடுமாம். எத்தினை மாசமா நாங்கள் அரை வெளிச்சத்தில ஓடினமோ.

உன்ர மனுசன் வானுக்கு எல்.ஈ.டி. பல்ப் போட்டிருக்கிறார் எண்டு எழுதியிருந்தாய். பழைய கண்ணாடிக் கூட்டுக்குள்ள அதைப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிர வாறவன்ர கண்ணைக் குத்தும். 25 அடி தள்ளி நிப்பாட்டிச் சுவரில அடிச்சுப் பாக்கச் சொல்லு. கிட்ட லைற்றின்ர மேல் விளிம்பு, லைற்றின்ர உயரத்துக்குக் கொஞ்சம் கீழ நிக்கவேணும். கட்டாயம் சொல்லு, சிரிச்சுக்கொண்டு விட்டிடாதே.

தைப்பொங்கல் முடிய வருவன். அந்த டைனமோ உங்கட அம்மாவிட்ட இன்னும் கிடக்கோ? பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்க விடாதே. எனக்குத் தா.

உன்ர வாங்குக்காரி