வரவேற்பு நிகழ்ச்சியில் சத்தத்துக்கும் நேரம் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்யாண வரவேற்புக்குப் போனால் பக்கத்து நாற்காலிக்காரரோடு ஒரு வார்த்தை பேச முடிவதில்லை, மைக் செட்காரர்களுக்குக் காதே கிடையாதா என்று வாசகர் ஒருவர் உங்கள் நாளிதழில் கோபப்பட்டிருந்தார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியான மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். காது இருக்கிறது. அந்தக் காது யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் எந்த வீட்டிலும் முடிவு செய்து தருவதில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து "கொஞ்சம் குறைப்பா" என்பார். அவர் போய் உட்காருவதற்குள் மாப்பிள்ளையின் நண்பர்கள், "அண்ணே, இதெல்லாம் ஒரு சவுண்டா?" என்று வந்து நிற்பார்கள். பின்னால் இருக்கும் பெரியப்பாவுக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். எல்லோரும் வீட்டு மனிதர்கள். யார் சொல்லைத் தட்டினாலும் பொல்லாப்பு. கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் சொன்னபடி நடக்கும். கூட்டச் சொல்கிறவர் குரல்தான் எப்போதும் பெரிதாக இருக்கிறது.

ஆகவே பாட்டுப் பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு ஆளைப் போடுங்கள். மணமக்கள் வேண்டாம், அவர்கள் மேடையில் நிற்பார்கள். பெற்றோர் வேண்டாம், வாசலிலேயே நேரம் போய்விடும். கையில் கடிகாரம் கட்டிய, யாரிடமும் "இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்த ஒரு அக்காவோ மச்சானோ போதும். சத்தம், பாட்டு, நேரம் மூன்றுக்கும் அவர் பேச்சுதான் முடிவு என்று எங்களிடமும் உறவுக்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நேர அட்டவணை. 6.30 வரவேற்பு, 7.30 இன்னிசை, 8.00 விருந்து என்று ஒரு தாள் எங்கள் கைக்கு வரும். அழைப்பிதழுக்கு அது போதும், வேலைக்கு ஆகாது. வாழ்த்த வருகிறவர்கள் 400 பேர் என்று வையுங்கள். நான்கு நான்கு பேராக மேடையேறினால் 100 குழு. ஏறி, கைகுலுக்கி, படமெடுத்து, இறங்க ஒரு குழுவுக்கு ஒரு நிமிடம் என்றாலே ஒரு மணி 40 நிமிடம். இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. பாட்டுக் குழுவும் இப்படித்தான்: ஒரு பாட்டு ஐந்து நிமிடம், பன்னிரண்டு பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாடகர் இரண்டு வார்த்தை பேசி, கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்குத் தயாராகி, நடுவில் ஒரு அறிவிப்பும் வந்தால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். விருந்து முடிய வேண்டிய நேரத்தை முதலில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். எவ்வளவு பாட்டுக்கு இடமிருக்கிறது என்று தானே தெரிந்துவிடும்.

அந்தத் தாளில் நேரத்துக்குப் பக்கத்தில் சத்தத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. விருந்தினர் வந்துகொண்டிருக்கும்போதும், வரிசையில் நிற்கும்போதும், சாப்பிடும்போதும் அவர்கள் பேச வந்தவர்கள். வருடக்கணக்கில் பார்க்காத ஒன்றுவிட்ட தம்பியைப் பார்த்திருப்பார்கள். அந்த நேரங்களில் வாத்தியம் மட்டும் போதும். வாய்ப்பாட்டு வைத்தால் பாட்டின் வார்த்தையும் பேசுகிறவரின் வார்த்தையும் முட்டிக்கொள்ளும். கூட்டத்தின் பேச்சு இரைகிறதே என்று அதற்கு மேலே பாட்டை ஏற்றுவது வீண் வேலை. சுற்றுச் சத்தம் ஏறினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்று பிரான்ஸ் நாட்டு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இலேயே எழுதிவைத்தார். நாங்கள் ஏற்ற, அவர்கள் கத்த, நாங்கள் இன்னும் ஏற்ற, இதற்கு முடிவே இல்லை. இரண்டு புள்ளி இறக்கிப் பார்த்தால் சற்று நேரத்தில் ஹாலே தணிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

துள்ளல் பாட்டுக்கு நான் எதிரி இல்லை. அதற்கென்று கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரியவர்கள் சீக்கிரம் கிளம்புகிறவர்கள், அவர்கள் விரும்பும் பழைய பாட்டு முதலில் வரட்டும். பல குழுக்கள் நல்ல பாட்டையெல்லாம் காலி நாற்காலிகளுக்குப் பாடி முடித்துவிட்டு, கூட்டம் சேரும்போது தொண்டை கட்டி நிற்கும்.

அந்த அரை மணி நேரத்துக்கும் ஓர் அளவு உண்டு. சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்கிறது அமெரிக்காவின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷ். அப்படிப் பார்த்தால் 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். இசை நடக்கும் அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையும் கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. கைபேசியில் இருக்கும் அளவுமானி துல்லியமாக இருக்காதுதான், ஆனாலும் 80-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்து விளையாடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போக அளவுமானியும் தேவையில்லை.

பின்வரிசைப் பெரியப்பாவின் குறையும் நியாயமானதுதான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஹாலுக்குள் சுவர் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது, ஆனால் சொல் குழம்பும். அவருக்காக மேடை ஸ்பீக்கரை ஏற்றினால் முன்வரிசை செத்தது. நடுவில் இரண்டு சிறிய ஸ்பீக்கர் வைத்து, எல்லாவற்றையும் தணிவாக ஓடவிடுவதே சரி. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகிறது. மேடை ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி வைக்கும் ஸ்பீக்கரை 50 மில்லி நொடி தாமதிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். மைக் செட் பேசும்போது "பின்வரிசைக்குத் தனி ஸ்பீக்கர், டிலே உண்டா?" என்று கேளுங்கள், டிலே என்பது இந்தத் தாமதம்தான். கேட்பவர்களுக்குத்தான் கொண்டுவருவார்கள், எங்கள் தொழில் ரகசியம் இது. மாலையில் சவுண்ட் செக் பார்த்துவிட்டு எதிரொலிக்கிறது என்று பதறவும் வேண்டாம். காலி ஹால் அப்படித்தான். ஆட்கள் வந்து உட்கார்ந்தால் உடம்பும் துணியும் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும்.

மணமக்கள் உள்ளே வரும் பாட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மாதக்கணக்கில் யோசித்துத் தேர்ந்தெடுத்த பாட்டு. முன்னிசை மட்டும் 40 நொடி, மெல்லிய புல்லாங்குழல். வாசலிலிருந்து மேடைக்கு நடக்க 25 நொடி. அவர்கள் நாற்காலியில் அமர்ந்து, தண்ணீர் கேட்கும்போது பல்லவி ஆரம்பிக்கும். ஒருநாள் முன்னதாக அந்த வழியில் நடந்து பார்த்து, பாட்டை எத்தனையாவது நொடியிலிருந்து விட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பாட்டைப் பென் டிரைவிலோ கைபேசியிலோ இறக்கியே கொண்டுவாருங்கள். ஹாலுக்குள் இணையம் திணறும். கைபேசி என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள். மணமகள் பாதி வழி வந்திருக்கும்போது கடன் வேண்டுமா என்று ஒரு அழைப்பு ஹால் முழுக்க ஒலித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

வேண்டிய பாட்டுப் பட்டியலோடு வேண்டாத பாட்டுப் பட்டியலும் தாருங்கள். மெட்டு தேனாக இருக்கும், வரிகளைக் கவனித்தால் பிரிவும் ஒப்பாரியுமாக இருக்கும். யாராவது பேசப்போகிறார் என்றால் அடியில் பாட்டை ஓடவிடச் சொல்லாதீர்கள், முழுக்க நிறுத்தச் சொல்லுங்கள். பேசுகிறவரிடம் மைக்கை வயிற்றருகே பிடிக்காமல் மோவாய்க்கருகே பிடிக்கச் சொல்லுங்கள். மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் அது கீச்சிடும், அதற்கு எங்களைத் திட்டிப் பயனில்லை.

காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கு இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிவது பெரும்பாடு. அவர்களுக்கு ஸ்பீக்கரிலிருந்து தள்ளி இடம் ஒதுக்குங்கள். நான் சொன்ன உலக சுகாதார நிறுவன நெறிமுறையில் அமைதியான ஓர் இடமும் ஒதுக்கியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஹால் பார்க்கப் போகிறவர்கள் மின்விசிறியை எண்ணுவதோடு, கதவைச் சாத்திப் பேச ஒரு அறை உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
மிக்ஸருக்குப் பின்னால் இருக்கும் ஒரு வாசகன்