சீகைக்கு ஜோடி சோலை அல்ல

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. சோலை (மேல்மலையின் இயற்கைக் காடு), சீகை (வாட்டில் மரம்), கற்பூரம் (யூகலிப்டஸ்), பைன் நான்கின் அடியிலும் மண் எடுத்துக் கரிமமும் நைட்ரஜனும் பார்க்கப் போகிறாய் என்பதில் எனக்கு நிறைய மகிழ்ச்சி. சீகை மண்ணைச் சோலை மண்ணோடு ஒப்பிடும் இடத் தேர்வில்தான் மனம் ஒப்பவில்லை.

நீலகிரியின் மேல்மலையில் சோலை நிற்பது மடிப்புப் பள்ளங்களில். சீகையும் கற்பூரமும் பெரும்பாலும் சரிவுப் புல்வெளியில் நடப்பட்டவை. பள்ளத்தில் ஈரம் தங்கும், மேலிருந்து மண் இறங்கிச் சேரும். அங்கே கரிமம் கூடுதலாக இருப்பதை மரத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. சீகைக்குச் சரியான ஜோடி, அதே உயரத்தில் அதே திசை பார்த்த சரிவில் மிஞ்சியிருக்கும் புல்வெளி. அதைக் கட்டாயம் சேர்த்துக்கொள். அந்தப் புல்வெளி மண்ணே கரிமம் செறிந்தது. சீகையின் அடியில் 30 செ.மீ. ஆழத்தில் கிடைப்பதில் பெரும்பங்கு பழைய புல் விட்டுப்போனதாக இருக்கலாம். கார்பன்-13 (கரிமத்தின் கனமான வகை) பார்க்க வழி இருந்தால் ஓரளவு பிரிக்கலாம்: மரத்தின் மதிப்பு ஆயிரத்துக்கு −27 பக்கம், சி4 புல்லுடையது −13 பக்கம். சி3, சி4 என்பவை ஒளிச்சேர்க்கை முறையில் வேறுபடும் செடிவகைகள்; மரம் சி3. மேல்மலையில் சி3 புல்லும் கலந்து வளர்வதால் அடிமதிப்பைப் பக்கத்துப் புல்வெளி மண்ணிலேயே அளந்துகொள்.

போலந்தில் சீமியானிட்செ என்ற இடத்தில் ஒரே நிலத்தில் 14 மர வகைகளை நட்டுப் பார்த்தார்கள். சருகில் கால்சியம் மிகுந்த மரங்களின் அடியில் மண்புழு பெருகியது, புளிப்பு குறைந்தது, சருகு சீக்கிரம் மறைந்தது. மரத்தின் வேலையைத் தனியாகக் காட்ட இப்படி ஒரே நிலம் வேண்டும்.

பைனில் ஊசிச்சருகு மெத்தைபோல மேலேயே கிடக்கும். அதைச் சுரண்டித் தள்ளிவிட்டு, மண் எடுக்கும் உருளையை அடித்தால் பைன் ஏழையாகத் தெரியும். மண்ணோடு கலந்துவிட்டால் பணக்காரனாகிவிடும். 25 × 25 செ.மீ. சட்டம் வைத்துச் சருகையும் மட்கையும் தனியாக அள்ளி, உலர்த்தி எடை போடு.

பருமன் அடர்த்தியை (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, கிராமில்) ஊகிக்காதே. 5 சதவீதக் கரிமமும் 0.7 அடர்த்தியும் உள்ள 10 செ.மீ. மண்ணில் ஹெக்டேருக்கு 35 டன். புத்தகத்தில் பார்த்து 1.2 என்று போட்டால் அதுவே 60 ஆகிவிடும்! கல் இருந்தால் அதன் கனஅளவைக் கழித்துவிடு.

கரிமம் அளக்கும் வாக்லி-பிளாக் முறையில் 10 மி.லி. டைகுரோமேட் (1 நார்மல்) 30 மில்லிகிராம் கரிமத்தைத்தான் எரிக்கும். சோலை மண்ணை வழக்கம்போல 1 கிராம் போட்டால் கரைசல் பச்சையாகி, அளவு குறைவாக வரும். 0.2 கிராம் போதும். ஆனால் அவ்வளவு சிறிய அளவுக்கு மண்ணை நன்றாக நுணுக்கி 0.5 மி.மீ. சல்லடையில் சலித்திருக்க வேண்டும்.

நைட்ரஜனில் கவனம் சீகை மேல் இருக்கட்டும். வேர்முடிச்சு வழியாக நைட்ரஜன் சேர்க்கிற மரம், ஆனால் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்தது. டானின் புரதத்தைப் பிடித்துவைக்கும். மொத்த நைட்ரஜன் கூடியிருந்தாலும் அம்மோனியம், நைட்ரேட்டாக வெளிவருவது அதே அளவில் கூடியிருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் பார். மண்ணை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, 24 மணி நேரத்துக்குள் 10 கிராம் ஈரமண்ணை 50 மி.லி. பொட்டாசியம் குளோரைடில் (2 மோலார்) ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டு. உலர்த்தினால் அம்மோனியம் ஏறிவிடும். வடிதாளிலும் அம்மோனியம் இருக்கும், அதனால் மண் போடாத ஒரு குடுவையும் கூடவே ஓடட்டும்.

புல்வெளி இடங்களைக் குறித்ததும் சரிவு, திசை, உயரம் மூன்றையும் எழுதி அனுப்பு. உருளை அடிக்கும் முன் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி