பாட்டுக் கட்டிய தபால்காரர்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம், ஆனால் முழங்காலாலா எழுதுகிறாய் என்று நீ கேட்பாய், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சோம்பல்தான். ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது, இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் எல்லாரும் சவுக்கியம். டாக்டர் மாடிப்படி ஏறாதே என்கிறார், மனைவியோ மாடியில் காயப்போட்ட வடகத்தை எடுத்து வா என்கிறாள். நான் மனைவி சொல்லைத்தான் கேட்கிறேன், பழக்கம்.

சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் மகன் வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தேனே, குளிர்காலத்தில் போயிருக்கக் கூடாது. வெளியே கால் வைக்க முடியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தபால்காரர் வருவதைப் பார்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். ஒன்று கவனித்தேன், உனக்குப் பிடிக்கும்: அந்த நாட்டில் வண்டிகளுக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம், தபால் வண்டிக்கு மட்டும் நம்மூர் மாதிரி வலப்பக்கம். இறங்காமலே கையை நீட்டி, தெருவோரப் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இப்படி வேலை பார்த்தால் பட்டுவாடாவில் என்னடா இருக்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டுத்தான் மகன் சொன்னான், "அப்பா, இங்கே உங்க டிபார்ட்மெண்ட் ஆள் ஒருத்தர் பெரிய பாடகர், அவர் காலத்தில் எல்லாம் நடைதான்" என்று. காரில் அந்த ஆள் பாட்டைப் போட்டான். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. இந்தக் கடிதம் முழுக்க அவரைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

பெயர் ஜான் பிரைன். 1946இல் பிறந்தவர், ஊர் மேவுட், சிகாகோவை ஒட்டிய தொழிலாளர் ஊர். அப்பா தொழிற்சாலையில் டூல் அண்ட் டை வேலை (கருவியும் அச்சும் செய்வது), யூனியன்காரர். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் பூர்வீகம் கென்டக்கி, அதனால் வீட்டில் ஹாங்க் வில்லியம்ஸ் போன்ற ஆட்களின் கண்ட்ரி பாட்டுதான், அந்த ஊர்க் கிராமத்துப் பாட்டு. பதினாலு வயதில் அண்ணன் கிட்டார் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் முடித்துத் தபால் வேலை, இடையில் பட்டாளம். வியட்நாமுக்குப் பதில் மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், அங்கே வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் அதே தபால் பை.

தெருமுனைகளில் பச்சை நிறத்தில் பூட்டுப் போட்ட பெரிய பெட்டிகள் உண்டாம். பொதுமக்கள் கடிதம் போடுகிற பெட்டி இல்லை, இது தபால்காரருக்கு மட்டும். ஒரே நடையில் தூக்க முடியாத சுமையை வண்டியில் கொண்டுவந்து அதில் போட்டுவிடுவார்கள், முதல் பை தீர்ந்ததும் இவர் திறந்து அடுத்ததை எடுத்துக்கொள்வார். (நமக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் உன் இடது தோள் இப்படிச் சாய்ந்திருக்காது.) காற்று தாங்க முடியாத நாட்களில் பிரைன் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஏறி ஒண்டிக்கொண்டு சாண்ட்விச் தின்பாராம். தபால் சுற்றைப் பற்றி அவர் சொன்னது, புத்தகமே இல்லாத நூலகத்தில் இருப்பது மாதிரி என்று. வீடுகளின் வரிசை ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் கால் தானாக நடக்கும், தலை சும்மா இருக்கும், அந்தச் சும்மாவில்தான் பாட்டுக் கட்டினார். நீ சைக்கிளை மிதித்துக்கொண்டே தெருத்தெருவுக்கு ஒரு மெட்டு வைத்துப் பாடுவாயே, கவுண்ட்டரில் உட்கார்ந்து முத்திரை குத்திய எனக்கு அந்தச் சுகம் தெரியாது. உனக்குத் தெரியும்.

மேடை ஏறியது வாய்க்கொழுப்பால். 1969இல் சிகாகோவில் ஃபிஃப்த் பெக் என்று ஒரு சின்ன இடம், யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம். பீர் குடித்துக்கொண்டிருந்தவர், பாடுகிறவர்களைப் பார்த்து இதெல்லாம் ஒரு பாட்டா என்று முணுமுணுக்க, அப்படியென்றால் நீ ஏறிப் பாடேன் என்று சொல்லிவிட்டார்கள். ஏறினார். மூன்று பாட்டு. முதல் பாட்டு முடிந்ததும் கைதட்டல் இல்லை, எல்லாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சரி, மானம் போயிற்று என்று இவர் நெளிகிறார், அப்புறம்தான் தட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். அது 'சாம் ஸ்டோன்', வியட்நாம் போரிலிருந்து பதக்கத்தோடும் போதைப் பழக்கத்தோடும் வீடு திரும்பிய சிப்பாயின் கதை, சம்பாதித்தது எல்லாம் ஊசியில் போவதைப் பிள்ளைகளின் கண்ணால் சொல்வார். வியாழக்கிழமைதோறும் பாடச் சொல்லி வேலை கொடுத்தார்கள். அடுத்த வருடம் அக்டோபரில் ரோஜர் ஈபர்ட் அங்கே தற்செயலாக நுழைந்தார். சினிமா விமர்சகர் அவர், இசைக்கும் அவருக்கும் தொழில்முறையில் சம்பந்தமே இல்லை. சன்-டைம்ஸ் பத்திரிகையில் பாடும் தபால்காரர் என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் காலி நாற்காலியே கிடையாது.

அன்று பாடிய மூன்றில் இன்னொன்று 'ஹலோ இன் தேர்'. இதற்காகத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு கிழத் தம்பதி. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில், ஒருவன் கொரியப் போரில் செத்துப்போனான். பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் பாட்டு. மகன் வண்டியை ஓரங்கட்டி வரிவரியாகச் சொல்லித்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. எழுதியபோது வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அந்த வயதில் முதுமையை எப்படி எழுதினார் என்று எல்லாரும் அதிசயப்படுகிறார்கள். எனக்கு அதில் பெரிய அதிசயம் இல்லை. அவரே சொல்லியிருக்கிறார்: சிறுவயதில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பேப்பர் போட்டாராம், அறை அறையாகப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். அங்கிருந்த சிலர் இவரைப் பேப்பர் பையன் என்று காட்டிக்கொள்ள மாட்டார்களாம், பேரனோ தங்கை மகனோ பார்க்க வந்த மாதிரி பாவனை செய்வார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் கோயில் தெருக் கடைசி வீட்டு அம்மாதான். மாதம் பிறந்தால் மகனிடமிருந்து மணியார்டர் வரும். நீ போனால் கைநாட்டு வைக்கவே முக்கால் மணி நேரம் ஆக்குவாள். முதலில் மோர். அப்புறம் கூப்பனில் மகன் எழுதிய ரெண்டு வரியை ஒரு தரம் படிக்க வேண்டும், காது கேட்கவில்லை என்று இன்னொரு தரம். அப்புறம் மைப்பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசுவாள், விரலை வைக்க மாட்டாள், வைத்துவிட்டால் நீ கிளம்பிவிடுவாய் என்று அவளுக்குத் தெரியும். நீ லேட்டாக வந்து கணக்கு ஒப்படைக்கும்போதெல்லாம் நான் கத்துவேன். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை, காரில் உட்கார்ந்து இந்தப் பாட்டைக் கேட்டபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கோமரி' என்று இன்னொரு பாட்டு, நான் ஒரு கிழவி என்றே ஆரம்பிக்கும். மீசை வைத்த வாலிபன் பாடுகிறான், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அதை 1974இல் போனி ரெய்ட் என்ற பாடகி பாடி எங்கேயோ கொண்டுபோய்விட்டார். மெட்டு விஷயத்தில் பிரைன் பெரிய வித்தகர் இல்லை, கிட்டாரில் நாலு கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), பாதிப் பாட்டு ஒன்று போலவே இருக்கும். குரலும் சுமார். சொல்தான் ஆள்.

அப்பாவுக்காகக் கட்டிய பாட்டு 'பாரடைஸ்'. அது கென்டக்கியில் பெற்றோரின் ஊர் பெயர், கிரீன் நதிக்கரையில் சின்ன ஊர், கோடை விடுமுறைக்கு அங்கேதான் போவார்கள். நிலக்கரிக்காக மண்ணைச் சுற்றிலும் உரித்து எடுத்தார்கள், பக்கத்திலேயே அனல் மின்நிலையம் வந்து சாம்பல் கொட்டியது, 1967 வாக்கில் ஊரையே விலைக்கு வாங்கி இடித்துவிட்டார்கள். பாட்டில் அந்த நிலக்கரிக் கம்பெனி பெயரையும் நேராகவே போட்டிருக்கிறார். சரி, நான் சொல்ல வந்தது வேறு. பதிவு செய்த டேப்பை அப்பாவிடம் போட்டுக் காட்டினாராம். பாட்டு ஆரம்பித்ததும் அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏன் அங்கே போனீர்கள் என்று மகன் கேட்டதற்கு, ஜூக்பாக்ஸில் ஓடுகிற மாதிரி நினைத்துக்கொண்டு கேட்கத்தான் என்றாராம். ஜூக்பாக்ஸ் தெரியும் இல்லையா, காசு போட்டால் கேட்ட ரிக்கார்டு ஓடும் பெட்டி. முதல் ஆல்பம் வெளிவருவதற்குள் அப்பா இறந்துவிட்டார்.

அந்த ஆல்பம் கிடைத்த கதையும் ஒரு நண்பனால்தான். ஸ்டீவ் குட்மேன் என்று இன்னொரு பாடகர், 1971இல் கிரிஸ் கிறிஸ்டோஃபர்ஸனுக்கு முன்னால் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கண்ட்ரி உலகில் அப்போது கிறிஸ்டோஃபர்ஸன் பெரிய கை. பாட்டைப் பாராட்டியவரிடம் குட்மேன், என்னை விடுங்கள், என் நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கேளுங்கள் என்று நடுராத்திரியில் பிரைன் பாடுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கடை மூடி, மேசைமேல் நாற்காலியைக் கவிழ்த்தாகிவிட்டது. பிரைன் ஏழு பாட்டுப் பாடினார். கிறிஸ்டோஃபர்ஸன் அந்த ஏழையும் மறுபடி பாடச் சொன்னார். பிறகு நியூயார்க்கில் தன் மேடையிலேயே ஏற்றிவிட்டார், கேட்க வந்த அட்லாண்டிக் ரிக்கார்டு கம்பெனிக்காரர் மறுநாளே ஒப்பந்தம் நீட்டினார். ஊருக்குள் வந்து ஒரு நாள் ஆகவில்லை. தனக்கு வந்த அதிர்ஷ்டத்தை நண்பன் பக்கம் திருப்பிவிடுகிற ஆள் எத்தனை பேர்? நம் ஆபீசில் ஒரு பிரமோஷனுக்கு நடந்த கூத்தை நினைத்துப்பார்.

ஆல்பத்தின் அட்டையில் வைக்கோல் கட்டின்மேல் உட்கார வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள், கண்ட்ரி பாடகர் என்றால் வைக்கோல் வேண்டுமே. வாழ்க்கையில் அதற்கு முன் வைக்கோல் கட்டில் உட்கார்ந்ததே இல்லை என்று பிரைன் பின்னால் சொல்லிச் சிரிப்பார்.

குட்மேனும் இவரும் சேர்ந்து கண்ட்ரி பாட்டுகளையே கேலி செய்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். இது ரொம்பக் கோமாளித்தனம், என் பெயர் வேண்டாம் என்று பிரைன் ஒதுங்கிவிட்டார். டேவிட் ஆலன் கோ என்ற பாடகர் பாடி 1975இல் அது பெரிய ஹிட். வந்த பணத்தில் குட்மேன் நண்பனுக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுத்தார். என்ன தெரியுமா? ஜூக்பாக்ஸ்! இந்த இடத்தில் மகனை வண்டியை நிறுத்தச் சொன்னேன். குட்மேன் 1984இல் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார், வயது முப்பத்தாறுதான்.

பெரிய கம்பெனிகளில் ஏறக்குறைய பத்து வருடம் இருந்தும் ரிக்கார்டு பிரமாதமாக விற்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மேனேஜரோடு சேர்ந்து ஓ பாய் ரிக்கார்ட்ஸ் என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். வியாபாரம் எப்படி? தபாலில்தான். ரசிகர்கள் வெளிவராத ஆல்பத்துக்கே செக் அனுப்பினார்கள், அந்தப் பணத்தில் ஆல்பம் தயாரித்து ஆளாளுக்குப் பார்சல். டிபார்ட்மெண்டை விட்டும் டிபார்ட்மெண்ட் அவரை விடவில்லை. சிரித்தவர்கள் உண்டு, ஆனால் 1991இல் வந்த 'தி மிஸ்ஸிங் இயர்ஸ்' ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது, அதுவும் அந்தச் சின்னக் கம்பெனியில் வந்ததுதான்.

1998இல் கழுத்தில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, நாக்கின் நரம்புகள் சில போய், உமிழ்நீரும் வற்றிவிட்டது. குரல் கீழே இறங்கிக் கரகரப்பானது. அவருக்கு அதில் வருத்தமில்லை, பழைய ரிக்கார்டுகளில் தன் குரலைக் கேட்கவே பிடிக்காது என்றவர், புதுக் குரல் பரவாயில்லை என்றார். எனக்கும் அந்தக் கரகரப்புத்தான் பிடித்தது, அந்தக் கிழவர் பாட்டை எழுதியவனின் குரல் கடைசியில் அந்தப் பாட்டின் வயதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2013இல் மறுபடி, இந்த முறை இடது நுரையீரலில், அறுவைச் சிகிச்சையில் புற்றை எடுத்துவிட்டார்கள். மூச்சைத் தேற்ற அவருக்குக் கொடுத்த பயிற்சி, மாடிப்படியில் ஏறி இறங்கி, இளைக்க இளைக்க உடனே கிட்டாரை எடுத்து ரெண்டு பாட்டுப் பாடுவது. நானோ ஒரு முழங்காலுக்கு இந்தப் பாடு படுகிறேன். எழுபத்தொரு வயதில், 2018இல் கடைசி ஆல்பம், அதுதான் அவர் வாழ்நாளிலேயே தரவரிசையில் மேலே போனது, ஐந்தாம் இடம்.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொரோனாவில் நாஷ்வில்லில் இறந்தார், வயது 73. 'பாரடைஸ்' பாட்டிலேயே தன் சாம்பலை கிரீன் நதியில் விடச் சொல்லி எழுதியிருந்தார். பாதியை அங்கே விட்டு, மீதியைச் சிகாகோவில் அப்பா அம்மா பக்கத்தில் புதைத்தார்கள்.

மகன் எல்லாப் பாட்டையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான், உனக்கும் ஒன்று போட்டுவிட்டேன், வைகாசியில் வரும்போது கொண்டுவருகிறேன். புரியாத வரிகளுக்கு உன் பேத்தியைப் பிடித்துக்கொள். உன் தெருப் பாட்டு நோட்டு இன்னும் இருக்கிறதா, கரையானுக்குக் கொடுத்துவிட்டாயா? இருந்தால் எடுத்து வை, இந்த முறை கத்தாமல் கேட்கிறேன்.

அந்தக் கடைசி வீட்டு அம்மா பெயர் என்னடா? மூன்று நாளாக யோசிக்கிறேன். மகன் பெயர் ஞாபகம் இருக்கிறது, தொகை ஞாபகம் இருக்கிறது, அவள் பெயர் மட்டும் வரவில்லை. பதிலில் எழுது.

அன்புடன்,
உன் ராமு