வைகையில் எந்த வெள்ளம்?

மதுரைப் பதிப்பு நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கும் வட்டார நிருபர்களுக்கும்,

வணக்கம்.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் 'வைகையில் வெள்ளம்' என்று தலைப்பு போடும் பழக்கம் இருக்கிறது. செய்திக்குள் போனால் 'பக்தர்கள் வெள்ளம்'. பத்தி அகலம் போதவில்லை என்று செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் 'பக்தர்கள்' கழன்றிருக்கும். கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் கணக்கு வேறு. 71 அடி வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியானால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஆகவே மதுரைப் பதிப்பில் 'வெள்ளம்' தண்ணீருக்கு மட்டும் இருக்கட்டும். ஆட்களுக்குக் கூட்டம், நெரிசல் என்ற சொற்கள் உண்டு. 2022 ஏப்ரல் 16 அன்று அழகர் இறங்கும் அதே வைபவத்தில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். அங்கே 'மனிதக் கடல்' என்று எழுதினால் ஆபத்து அலங்காரமாகிவிடும். எந்த வழி அடைபட்டது, எவ்வளவு நேரம் நகர முடியவில்லை, யாருக்கு மூச்சு முட்டியது என்பதுதான் காப்பி, அதாவது அச்சுக்குப் போக வேண்டிய செய்தி.

உவமையே கூடாது என்பதல்ல. தேர்தல் களம் 'சூடுபிடித்தது' என்பதைப் படித்து யாரும் விசிறி எடுப்பதில்லை; தேய்ந்த சொல், போகட்டும். வெயில் செய்தியில்தான் உதைக்கிறது. 98 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் 'சுட்டெரித்தது', 106-க்கும் 'சுட்டெரித்தது' என்றால் வாசகருக்கு என்ன தெரியும்? 'வெப்ப அலை' வானிலைத் துறையின் சொல். சமவெளியில் 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 பாரன்ஹீட் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி செல்சியஸாவது கூடினால்தான் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். எண்ணை முதலில் எழுதுங்கள். பிறகு நேரில் பார்த்த ஒன்று போதும்: காலை 11 மணிக்கு ஆடி வீதிக் கல்லில் வெறுங்காலோடு நடக்கிறார்களா, ஓடுகிறார்களா?

மூக்கு விஷயத்தில்தான் நம் காப்பி ரொம்ப மோசம். 'மல்லி மணக்கும் மாட்டுத்தாவணி' என்று காலை 7 மணி பூ மார்க்கெட்டைப் பற்றி எழுதுகிறோம். அங்கே இருப்பது மொட்டு. மல்லி விடியலில் மொட்டாகப் பறிக்கப்படுகிறது. சாயங்காலம் விரியும்போதுதான் மணம் தூக்கும். காலையில் மூக்குக்கு வருவது ஈரச் சாக்கும் மிதிபட்டு அழுகிய பூவும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூவுக்கு இந்த நேரக்கணக்காவது சரியாக இருக்க வேண்டாமா? ('விலை கிடுகிடு' இன்னொரு தொல்லை. நேற்றைய விலை, இன்றைய விலை இரண்டையும் போட்டால் முடிந்தது.)

மதுரையில் கழிவுநீர் ஓடும் பந்தல்குடி வாய்க்கால் என்றாலே 'துர்நாற்றம்'. என்ன நாற்றம்? அழுகிய முட்டை வாடை என்றால் தேங்கிய கழிவுநீரில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை என்றால் யாரோ குப்பையை எரிக்கிறார்கள். சிலிண்டர் கேஸ் வாடை என்றால் அது மெர்காப்டன், கசிவைக் காட்டிக்கொடுக்கவே கலப்பது. மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் வேறு வேறு. இன்னொன்று: ஹைட்ரஜன் சல்பைடின் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். பாதாளச் சாக்கடைச் சாவுகளை எழுதும்போது 'நாற்றம் இல்லாததால் இறங்கினார்' என்று யாராவது சொன்னால் இந்த விளக்கத்தையும் பக்கத்திலேயே சேருங்கள். உயிர் பிழைக்க உதவும் தகவல் அது. அதே பக்கத்தில் 'நாறுது டெண்டர்' என்று தலைப்பு வைத்தால் இரண்டு செய்தியும் கெடும்.

கத்திக்குத்துச் செய்தியில் வரும் 'சதக் சதக்' பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எஃப்.ஐ.ஆரில் இல்லாத சத்தத்தை நிருபர் எங்கே நின்று கேட்டார்?

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தருகே சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் 'தீ', 'எரி', 'அனல்' மூன்றையும் கணினியில் தேடிப் பாருங்கள். 'தீயாய்ப் பரவிய வதந்தி', 'பற்றி எரியும் கோஷ்டிப் பூசல்' ஏதாவது சிக்கும். தலைப்பை மாற்ற இரண்டு நிமிடம் ஆகும். லேஅவுட் ஆள் முணுமுணுப்பார், பரவாயில்லை.

இப்படிக்கு,
டெஸ்க்கில் காப்பி பார்க்கும் சிலர்,
மதுரை