ரத்தக்காட்டேரிக்கும் ஒரு தட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், பொது நூலகங்களில் ரத்தக்காட்டேரிக் காதல் நாவல்களை வாங்கி அடுக்குவது வீண்செலவு, இளைய தலைமுறை கெட்டுப்போகும் என்று எழுதியிருந்தார். நான் இளைய தலைமுறை அல்ல. வயது 63. ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் 27 வருஷம் ஆய்வக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அவர் வேண்டாம் என்கிற அதே நாவல்களைத்தான் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்த நூலகத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னால் நாளைக்கே பஸ் ஏறிவிடுவேன்.

நான் உறுப்பினராக இருக்கும் நூலகத்தில் கேட்டபோது, "பேய்க்கதையாம்மா?" என்று மர்ம நாவல் தட்டைக் காட்டினார்கள். அங்கே இல்லை. ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' என்ற காட்டேரிக் காதல் தொடரின் முதல் பாகம் சிறுவர் பகுதியில் கிடந்தது. அட்டையில் இரண்டு கைகள் ஓர் ஆப்பிளை ஏந்தியிருக்கும். பாலர் பாடம் என்று நினைத்துவிட்டார்கள் போல. மூன்றாம் பாகத்தின் பெயர் 'எக்லிப்ஸ்'. அதை எங்கே கண்டுபிடித்தேன் தெரியுமா? அறிவியல் தட்டில், கோள்களைப் பற்றிய புத்தகங்களுக்கு நடுவில். கிரகணம்தானே, சரி. இரண்டாம் பாகமும் நான்காம் பாகமும் இல்லவே இல்லை.

பழைய புத்தகக் கடையில் வேறு கூத்து. சார்லைன் ஹாரிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் லூசியானாவில் நடக்கிற மாதிரி 13 நாவல்கள் எழுதியிருக்கிறார். பிறர் மனதில் ஓடுவது காதில் விழுகிற ஒரு உணவகப் பணிப்பெண்ணும் அவளைச் சுற்றி வரும் காட்டேரிகளும்தான் கதை. 13 தலைப்பிலும் 'டெட்' என்ற சொல் வரும். எது முன், எது பின் என்று யாருக்குத் தெரியும்? கைக்கு வந்ததை வாங்கினேன். அது நான்காவது. எடுத்த எடுப்பில் பில் என்று ஒருவன் பெரு நாட்டுக்குக் கிளம்புகிறான். எரிக் என்று இன்னொருவன் தான் யார் என்பதே மறந்துபோய் ராத்திரியில் சாலையில் ஓடி வருகிறான். நினைவு தப்பியது அவனுக்கா எனக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதிலிருந்து முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் காப்புரிமை ஆண்டைப் பார்ப்பேன். முதலாவது 2001, கடைசி 2013. அந்த வரிசையில் படித்தால் தப்பில்லை.

பழசு மட்டும் சிக்கல் இல்லாமல் கிடைத்தது. ஜோசப் ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872இல் வந்தது, பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இல். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். செல்போனில் எழுத்தைப் பெரிசாக்கி வைத்துப் படித்தேன். கண்ணில் புரை எடுத்த பிறகு இது பெரிய வசதி.

'டிராகுலா'வில் லூசி என்ற பெண்ணுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகும். நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் ரத்தத்தைக் கொடுப்பார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. பயத்தில் அல்ல, பழக்கதோஷத்தில். குரூப் பார்த்தார்களா? இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் செய்தார்களா? எங்கே செய்வது, லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பற்றி எழுதியதே 1901இல்தான். அந்தப் பெண்ணைக் கொன்றது காட்டேரி என்று எல்லோரும் நம்புகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நான்கு பேரில் ஒருவரின் ரத்தம்தான் என்பேன். இப்போதைய நாவல்களிலும் இந்தக் கதைதான். எங்கள் விதிப்படி ஒரு பெண் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் அடுத்து 120 நாள் இடைவெளி விட வேண்டும், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக்கூடாது. காதலன் வாரத்தில் மூன்று தடவை கழுத்தில் வாய் வைக்கிறான், காதலி காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாள். ஒரு இரும்புச்சத்து மாத்திரையாவது வாங்கித் தந்தானா என்றால் இல்லை.

அப்புறம் ஏன் படிக்கிறாய் என்று கேட்பீர்கள். இருநூறு வயதான ஒருவன், ஒரு பெண் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்கிறான். எங்கள் வீட்டில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு அந்நியம் என்கிறார் அந்த வாசகர். நான் நாகர்கோவில்காரி. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டித்தான் திருநெல்வேலிக்குப் போகிறோம். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முற்பிறவியில் தன்னைக் கொன்றவனையே "என் புருஷன்" என்று ஊர்ச் சபையில் அழுதாளே இசக்கியான நீலி, அந்தக் கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்டு வளர்ந்தவள். நீலிக்கண்ணீர் என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஒற்றையில் போகிற ஆணிடம் சுண்ணாம்பு கேட்டு வழிமறித்து, ரத்தம் குடித்து, விடியும்போது பல்லையும் நகத்தையும் மட்டும் பனைமரத்தடியில் போட்டுவிட்டுப் போகும் யட்சியைப் பாட்டி சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினாள். காட்டேரியைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் நம்மிடம் எத்தனையோ. டிராகுலா நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம் ஐயா.

போன மாதம் நூலகத்தில் அந்த 'எக்லிப்ஸை' மறுபடி எடுத்துக்கொண்டு நின்றேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், பொது அறிவு கையேட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, ரெண்டாவது பார்ட் என்கிட்ட இருக்கு, வேணுமா?" என்று ரகசியமாகக் கேட்டாள். கஞ்சா விற்பவள்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். மறுநாள் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். நான் ஹாரிஸின் நான்காவதைக் கொடுத்து, முதல் மூன்று கிடைக்கும்வரை திறக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

நான் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறவள். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த நாவல்களுக்கு எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரு தட்டு. வாங்கினால் தொடரை முழுசாக வாங்கட்டும். முதுகில் ஒட்டும் சீட்டில் எத்தனையாவது பாகம் என்று எழுதட்டும். அதற்கு ஒரு பேனா போதும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். சம்பந்தி வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த வங்கி ஊழியர்,
நாகர்கோவில்.