எந்த ஊர் பாட்டி? – ஒரு நன்றி மடல்

போன மாதக் கடைசியில் பணி ஓய்வு பெற்றேன். சால்வை, குரூப் போட்டோ, கேக் எல்லாம் ஆனது. மைக்கைக் கையில் கொடுத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லோருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். 36 வருட நர்ஸ் வேலைக்கு இரண்டே வார்த்தை! அது மனசை உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்த மடல்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் லுங்கித் தறி. நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டபோது, "கண்டவன் புண்ணைத் துடைக்கிற வேலைக்கா பொண்ணை அனுப்புறே?" என்று உறவுக்காரர்கள் அப்பாவைக் கேட்டார்கள். அவர் பதில் பேசவில்லை. டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். முதல் நன்றி அந்தத் தோளுக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1989இல். வடாற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போன வருடம். (2019இல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். ஆம்பூர்க்காரர்களின் கேஸ் ஷீட்டில் கைப்பழக்கமாக வேலூர் மாவட்டம் என்று எழுதி எத்தனை முறை அடித்துத் திருத்தியிருப்பேன்!) அப்போது கண்ணாடி சிரிஞ்சும் புழக்கத்தில் இருந்தது. வேகவைத்து எடுக்கும்போது ஒன்று உடைந்தால் அன்றைய நாளே போச்சு.

சேர்ந்த இரண்டாவது மாதம், பெண்கள் வார்டில் நைட் டியூட்டி. அடுத்தடுத்த கட்டிலில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிகள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒருவர் "ஆங்" என்றார், பி.பி. மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். அடுத்த கட்டில் பாட்டி, "எனக்கு மாத்திரை இல்லையா கண்ணு?" என்று கேட்டபோதுதான் உடம்பு சில்லிட்டது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இதை இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அப்புறம் ஓடிப்போய் சீனியர் அக்காவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. டியூட்டி டாக்டருக்கு ஆள் அனுப்பினார். பாட்டியிடமும், "மாத்திரை மாறிப்போச்சும்மா, ராத்திரி பூரா நாங்க பக்கத்துலயே இருப்போம்" என்று மறைக்காமல் சொன்னார். கால் மணிக்கு ஒருமுறை பி.பி. பார்த்து, நேரம் போட்டு, ஒவ்வொன்றையும் என்னையே எழுத வைத்தார். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. "கையில பட்டையைக் கட்டி கட்டித் தூங்கவே விடல இந்தப் பொண்ணு" என்று காலையில் என்னைத் திட்டியதோடு சரி.

டியூட்டி முடிந்ததும் அக்கா தன் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப்போனார். தோசை, வேர்க்கடலைச் சட்னி. நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "பேரை நீ சொல்லாதே, அவங்களைச் சொல்லவை. வீட்டுக்காரர் பேரைக் கேட்டா வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. ஊரைக் கேளு." ஒரு பாட்டி அணைக்கட்டு, இன்னொருவர் பள்ளிகொண்டா. அன்றிலிருந்து, கையில் பெயர்ப்பட்டை கட்டும் காலம் வந்த பிறகும், மாத்திரைத் தட்டோடு போனால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஊர் பாட்டி?"

நரம்பு கிடைக்காத கைகளை எனக்குப் பழக்கியதும் அவர்தான். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடு, வெதுவெதுப்பான துணியைச் சுற்று, கண்ணால் தேடாதே, விரலால் தேடு. வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட இரண்டு தடவை முயன்றும் கிடைக்கவில்லையா, வீம்பு பிடிக்காமல் வேறு ஆளைக் கூப்பிடு. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது பாடத்தில் இருந்தது. தோலை உரசாமல், விரிப்போடு சேர்த்துத் தூக்கிப் புரட்டுவதைக் கையைப் பிடித்துக் காட்டியது வார்டு ஆயாம்மா. அவருக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது.

இவர்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பின்னால் போனால் வேலூரிலேயே 1909க்குப் போய் நிற்கலாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் பெயரைச் சொன்னால் இங்கே ஆட்டோக்காரர் அவர் பெயரில் இருக்கும் சாலையிலேயே கொண்டுபோய் விடுவார். அவரோடு சேர்ந்து அந்த வருடம் நர்சிங் பள்ளியைத் தொடங்கிய டெலியா ஹௌட்டன் என்ற நர்ஸைப் பற்றி என்னிடம் யாரும் விசாரித்ததில்லை. 1946இல் அங்கே நர்சிங் பட்டப்படிப்பாகவும் வளர்ந்தது. ஆனால் நான் அதிகம் நினைப்பது முதலில் வந்து சேர்ந்த பெண்களைத்தான். என் அப்பாவுக்கே அத்தனை பேச்சு என்றால், 80 வருடத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டில் என்னென்ன பேசியிருப்பார்கள்!

மே 12, நர்ஸ் தினம் வந்தால் மெழுகுவத்தி ஏற்றி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கும்பிடுகிறோம். என் நன்றி அவர் விளக்குக்கு இல்லை, கணக்கு நோட்டுக்கு. 1854இல் 38 நர்ஸுகளோடு போர் ஆஸ்பத்திரிக்குப் போனவர், சிப்பாய்கள் காயத்தைவிட நோய்த்தொற்றால்தான் அதிகம் சாகிறார்கள் என்பதைக் கணக்குப்போட்டுக் காட்டினார். அழுக்குச் சாக்கடை, காற்றில்லாத அறை எல்லாம் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டன. அன்று ராத்திரி நான் கால் மணிக்கு ஒருமுறை எழுதிய எண்களும் அந்த வழியில் வந்தவைதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கொரோனா சமயத்தில் கவச உடைக்குள் வேர்த்து ஊறிக்கொண்டு என்னோடு நின்ற தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முகம் தெரியாததால் உடையின் முதுகில் மார்க்கரில் பெயர் எழுதிக்கொண்டோமே, அதை மறக்க மாட்டேன்.

இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு: முதல் வருடம் பாத்ரூமில் போய் அழுவீர்கள். நானும் அழுதேன். சம்பளம் பத்தாது, அந்தச் சண்டையை விடாதீர்கள். தப்பு நடந்தால் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு ஒரு சீனியர் கத்தினால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன்.

வீடு சத்துவாச்சாரியில்தான். நைட் டியூட்டி முடித்து வருகிறவர்கள் முதல்நாளே ஒரு போன் போட்டால் போதும், மாவு அரைத்து வைத்திருப்பேன். சட்னி வேர்க்கடலைதான், வேறு கேட்கக் கூடாது.